வயர்லெஸ் சேனல் பின்னூட்டக் காப்புரிமை: "இது யாருக்கும் தோன்றியிருக்கும்" என்ற மறுப்பை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் காப்புரிமை முகவராக வேலை செய்கிறேன். திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து மாணவர்களும் ஆசிரியர்களும் கையில் காப்புரிமை அலுவலகம் அனுப்பிய பரிசோதனை அறிக்கையோடு வருகிறார்கள். அதில் பெரும்பாலும் ஒரே வரிதான் அவர்களைச் சுட்டிருக்கும்: "துறை தெரிந்தவருக்கு இது எளிதில் புலப்படும்." அந்த வரியைப் படித்ததுமே மனம் விட்டு விண்ணப்பத்தைக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், உண்மையிலேயே எளிதில் தோன்றக்கூடிய ஒன்றுக்கு வீட்டு நகையை அடகு வைத்துச் செலவு செய்தவர்களும் உண்டு. இரண்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

சேனல் பின்னூட்டம் என்றால் என்ன?

கன்னடியன் கால்வாயின் தலைமடையில் நிற்பவருக்கு, கடைமடை வயலில் தண்ணீர் ஏறியதா என்று தெரியாது. அங்கிருந்து யாராவது வந்து சொன்னால்தான் பலகையை எவ்வளவு தூக்குவது என்று முடிவு செய்ய முடியும். செல்போன் டவரும் அதே நிலையில்தான் நிற்கிறது. டவர் அனுப்பும் அலை கட்டடத்தில் மோதி, மலையில் பட்டு, பல வழிகளில் பிரிந்து (அந்தப் பாதைக்குத்தான் சேனல் என்று பெயர்) போனை அடைகிறது. போய்ச் சேர்ந்தபோது அது எப்படி இருந்தது என்பது போனுக்குத்தான் தெரியும். அதற்காக டவர் முன்கூட்டியே தெரிந்த ஒரு மாதிரி சமிக்ஞையை அனுப்புகிறது. போன் அதை அளந்து, தரம் எவ்வளவு, எந்தத் திசையில் கூட்டி அனுப்பினால் நன்றாக இருக்கும், ஒரே நேரத்தில் எத்தனை தரவு ஓட்டங்களைத் தாங்கும் என்று திருப்பிச் சொல்கிறது. இதுதான் பின்னூட்டம்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. சொல்லும் செய்தி நீண்டுகொண்டே போனால், அதைக் கொண்டு போவதிலேயே அலைவரிசை தீர்ந்துவிடும். அதனால் 4ஜி என்று நாம் சொல்லும் எல்டிஇ முறையில் தரத்தை 4 பிட்டில், அதாவது 16 படிகளில், சுருக்கிச் சொல்கிறார்கள். திசையைச் சொல்ல டவரும் போனும் ஒரே பட்டியலை வைத்துக்கொள்கின்றன. இதற்குக் கோட்புக் என்று பெயர். நான்கு ஆன்டெனா உள்ள டவருக்கு எல்டிஇயின் முதல் பதிப்பான ரிலீஸ் 8இல் அந்தப் பட்டியலில் 16 வரிகள். போன் வரி எண்ணை மட்டும் அனுப்பினால் போதும்.

இரண்டாவது சங்கடம், செய்தி போய்ச் சேர்வதற்குள் நிலைமை மாறிவிடுவது. நாகர்கோவில் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் போன் 2 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்தால், நகர்வதால் அலையின் அதிர்வெண் மாறும் டாப்ளர் பெயர்ச்சி சுமார் 111 ஹெர்ட்ஸ் வரை போகும். சில மில்லிவினாடிகளில் சேனல் வேறாகிவிடும்.

குறைவாகச் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்ல வேண்டும், நேரத்துக்குச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. இந்தத் துறையின் காப்புரிமைகளில் பெரும்பகுதி இந்த இழுபறிக்குள்தான் பிறக்கிறது. எல்லோரும் ஒரே சிக்கலையே பல ஆண்டுகளாகக் கடைந்துகொண்டிருப்பதால், "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்ற கேள்வி வேறு துறைகளைவிட இங்கே சீக்கிரம் எழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு கண்டுபிடிப்புப் படியை வரையறுக்கிறது. ஏற்கெனவே இருக்கும் அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றம் இருக்க வேண்டும், அல்லது பொருளாதார முக்கியத்துவம் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் இருக்க வேண்டும். அதோடு, அந்த அம்சம் துறை தெரிந்தவருக்கு எளிதில் புலப்படாததாகவும் இருக்க வேண்டும். பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். "எங்கள் முறை 20 விழுக்காடு மிச்சப்படுத்துகிறது, ஆகவே காப்புரிமை தர வேண்டும்" என்று வாதிடுகிறார்கள். மிச்சம் பெரிதாக இருக்கலாம். ஆனால் அந்த வழி எவருக்கும் தோன்றக்கூடியதாக இருந்தால் மிச்சம் காப்பாற்றாது.

அந்தத் "துறை தெரிந்தவர்" யார்?

அவர் சட்டம் படைத்த கற்பனை மனிதர். அந்தத் துறையில் வெளியான எல்லாவற்றையும் படித்தவர், கைவேலை தெரிந்தவர், ஆனால் கற்பனை வளம் இல்லாதவர். நம் விஷயத்தில், செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ஆவணங்களைப் படித்து, சிமுலேஷன் ஓட்டத் தெரிந்த வயர்லெஸ் பொறியாளர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பேராசிரியரையோ, இறுதியாண்டு மாணவரையோ அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒருவரை நிறுத்தினால் எல்லாம் எளிதாகத் தெரியும். மற்றவரை நிறுத்தினால் எதுவுமே எளிதாகத் தெரியாது.

இந்தியாவில் எந்தத் தீர்ப்பிலிருந்து தொடங்க வேண்டும்?

1978இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கின் தீர்ப்பு. வயர்லெஸ்ஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஒரு கருவி பற்றிய வழக்கு அது. ஆனாலும் வரும் ஒவ்வொரு மாணவரையும் முதலில் இதைப் படிக்கச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைபவரிடம் அந்தக் கருவியை விளக்கினால் உடனே புரிந்துகொள்வார். அந்த அளவுக்குக் கையால் தொட்டு உணரக்கூடிய வழக்கு.

கடைசலின் ஒரு முனையிலிருந்து பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. அதைச் சற்றுத் திருத்தியதைப் பட்டறைத் திருத்தம் என்றே நீதிமன்றம் பார்த்தது. காப்புரிமை செல்லாது என்றது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது. தெரிந்த பழைய உறுப்புகளே ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கி ஒரு புதிய பலனைத் தருமானால் அதற்குக் காப்புரிமை உண்டு. வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இல்லை. பின்னூட்டத் தொழில்நுட்பத்தில் ஏறக்குறைய எல்லாமே பழைய உறுப்புகளின் சேர்க்கைதான். ஆகவே நம் வழக்கின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது.

அங்கே வரும் உரைகல்லை என் சொற்களில் சொல்கிறேன். பழைய ஆவணத்தை ஒரு தேர்ந்த தொழிலாளியின் கையில் கொடுக்கிறோம். அவருக்குச் சிக்கல் தெரியும். உங்கள் விடை தெரியாது. அதைப் படித்துவிட்டு "எனக்கு வேண்டியது இதிலேயே இருக்கிறது" என்று அவர் சொல்லியிருப்பாரா?

படிப்படியாக எடைபோடும் முறை இருக்கிறதா?

இருக்கிறது. 2015இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ரோஷ் எதிர் சிப்லா வழக்கில் ஐந்து படிகளை வகுத்தது. துறை தெரிந்தவர் யார் என்று தீர்மானி. கண்டுபிடிப்பின் கருவை அடையாளம் காண். முன்னுரிமைத் தேதியில் (பொதுவாக, அந்தக் கண்டுபிடிப்புக்கு முதல் விண்ணப்பம் தாக்கலான நாளில்) அவருக்கு இருந்திருக்கக்கூடிய பொது அறிவை அவருக்குக் கொடு. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறி. விடையைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்க்கும் பார்வையை விலக்கிவிட்டு, அந்த வேறுபாடு அவருக்குத் தோன்றியிருக்குமா என்று கேள்.

கடைசிப் படியில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். விடுகதையின் விடை தெரிந்த பிறகு எந்த விடுகதையும் கடினமில்லை. பரிசோதகரும் மனிதர்தான், கண்டுபிடிப்பை விளக்கி நீங்கள் கொடுத்த விவரக்குறிப்பை முதலில் படித்துவிட்டுத்தான் பழைய ஆவணங்களைத் தேடுகிறார். உங்கள் விடை அவருக்கு வழிகாட்டும் விளக்காகிவிடுகிறது.

எவையெல்லாம் முன்னறிவு?

முன்னுரிமைத் தேதிக்கு முன் பொதுமக்களுக்கு எட்டும்படி வெளியான எதுவும். வேறு காப்புரிமைகள், ஆய்வுக் கட்டுரைகள், மாநாட்டுத் தாள்கள் எல்லாம் அடங்கும். நம் துறையில் பலர் தவறவிடுவது 3ஜிபிபி கூட்டங்களுக்கு நிறுவனங்கள் கொடுக்கும் முன்மொழிவுத் தாள்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, யாரும் இறக்கிப் படிக்கலாம். தரநிலைக்குள் ஏற்கப்படாமல் ஒதுக்கப்பட்ட யோசனைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஒதுக்கப்பட்டாலும் வெளியானது வெளியானதுதான். தேதி பார்க்கும்போது கூட்டம் நடந்த நாளை மட்டும் பார்க்காமல், கோப்பு பொதுவெளியில் ஏற்றப்பட்ட நாளையும் பாருங்கள். ஒரு வார வித்தியாசம் வழக்கையே புரட்டிவிடும்.

சில மைல்கற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திசைகளைச் சம இடைவெளியில் பரப்பிக் கோட்புக் அமைக்கும் கிராஸ்மானியன் முறை 2003இலேயே ஆய்விதழில் வந்துவிட்டது. எட்டு ஆன்டெனாவுக்கு எல்டிஇ ரிலீஸ் 10 கோட்புக்கை இரண்டாகப் பிரித்தது: மெதுவாக மாறும் பகுதிக்கு ஒன்று, வேகமாக மாறும் பகுதிக்கு ஒன்று. 5ஜியின் முதல் பதிப்பான ரிலீஸ் 15இல் டைப் 1, டைப் 2 என்ற கோட்புக்குகள் வந்தன. டைப் 2 பல திசைகளை எடையிட்டுக் கூட்டுகிறது. ரிலீஸ் 16 அதை அலைவரிசை நெடுகிலும் சுருக்கியது. உங்கள் யோசனை இவற்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று தெரியாமல் வாதத்தைத் தொடங்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் எடைபோட்டுக் காட்ட முடியுமா?

விளக்குவதற்காக நானே அமைத்த எடுத்துக்காட்டு இது. ராதாபுரம், பணகுடி பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று இறக்கை உள்ள ஓர் ஆலை நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 60 முறை ஓர் இறக்கை ஒரே இடத்தைக் கடக்கும். அதாவது வினாடிக்கு ஒன்று. பக்கத்து வீட்டில் அசையாமல் இருக்கும் போனின் சேனல்கூட அந்தத் தாளத்தில் ஏறி இறங்கும். ஒரு மாணவர் குழு இதைக் கவனித்து மூன்று கோரிக்கைகளோடு, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்களோடு, வருகிறது என்று கொள்வோம்.

முதல் கோரிக்கை: சேனல் மாறும் வேகத்துக்கு ஏற்ப அறிக்கையின் இடைவெளியை மாற்றுவது. இது நிற்காது. எல்டிஇயிலேயே டவர் இந்த இடைவெளியை 2 மில்லிவினாடியிலிருந்து 160 மில்லிவினாடி வரை அமைத்துத் தரலாம். வேகமாக மாறினால் அடிக்கடி சொல், மெதுவாக மாறினால் அரிதாகச் சொல் என்பது அந்த வசதி எதற்காக வைக்கப்பட்டதோ அதுவே. குழுவிடம் இதை நேராகச் சொல்லிவிடுவேன்.

இரண்டாம் கோரிக்கை: போன் அந்தத் தாளத்தின் கால அளவையும் தொடக்கத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறது, அடுத்து வருவதை டவர் தானே கணிக்கிறது, கணிப்பு தவறும்போது மட்டும் போன் மீண்டும் பேசுகிறது. கேட்கும்போது அழகாக இருக்கிறது. ஆனால் காற்றாலை இறக்கைகள் தொலைக்காட்சி அலையைத் தாளத்தோடு குலைப்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட விஷயம். வேறுபாட்டை மட்டும் அனுப்புவதும், சேனலை முன்கணிப்பதும் பழையவை. இவற்றை ஒட்டவைக்க அன்றைய பொறியாளருக்குக் காரணம் இருந்ததா? இருந்தது என்றே நினைக்கிறேன். காற்றாலை அருகே சிக்னல் தள்ளாடினால் அவர் முதலில் தேடுவதே காற்றாலை பற்றிய கட்டுரைகளைத்தான். தாளம் இருக்கிறது என்று படித்ததும், தாளத்தைக் கணிப்பது பாடப்புத்தகப் பழக்கம். இந்தக் கோரிக்கை தப்பினாலும் தப்பலாம். அதை நம்பிப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் கோரிக்கை: ஒரு போன் மட்டும் தாளத்தைச் சொல்கிறது. மற்ற போன்கள் அந்த ஆலைக்கு எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எப்போது இறக்கம் வரும் என்று டவரே கணக்கிடுகிறது. மற்றவை மௌனமாக இருக்கலாம். இங்கே எதிர்ப்பவர் ஒரு வாதம் வைப்பார்: போன்களைக் குழுவாக்கி ஒன்றின் அறிக்கையை மற்றவற்றுக்குப் பயன்படுத்துவது பழசு. உண்மைதான். ஆனால் அந்தப் பழைய முறைகள், ஒரே மாதிரிச் சேனல் உள்ள போன்களைத்தான் குழுவாக்கச் சொல்கின்றன. நம் போன்களின் சேனல்களோ ஒரே கணத்தில் ஒன்றுக்கு ஏற்றம், இன்னொன்றுக்கு இறக்கம். பழைய ஆவணத்தைப் படித்தவர் இவற்றைக் குழுவாக்க வேண்டாம் என்றே முடிவு செய்திருப்பார். முன்னறிவு ஒரு திசையில் கைகாட்ட, கண்டுபிடிப்பாளர் எதிர்த்திசையில் நடந்து பலன் கண்டிருக்கிறார். இந்தக் கோரிக்கைக்காக நான் வாதாடுவேன். விவரக்குறிப்பின் முதல் பக்கத்திலிருந்தே இதை நடுவில் வைத்து எழுதச் சொல்வேன். அறிக்கைகள் எவ்வளவு குறைந்தன, பிழை ஏறவில்லை என்பதற்கான அளவீடுகளைத் தாக்கல் செய்யும் நாளிலேயே அதற்குள் சேர்க்கச் சொல்வேன்.

மூன்று கோரிக்கைகளும் ஒரே கவனிப்பிலிருந்து பிறந்தவை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு ஆவணங்களைச் சேர்த்தால் என் கண்டுபிடிப்பு வருகிறது என்கிறார் பரிசோதகர். அவ்வளவுதானா?

இல்லை. சேர்த்திருக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. சேர்த்திருப்பாரா என்பது வேறு கேள்வி. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே கடைப்பிடிக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில், சேர்க்கச் சொல்லும் வரி ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்ற இறுக்கத்தைத் தளர்த்தியது. பொது அறிவே காரணமாகலாம் என்றது. ஆனால் காரணமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் அக்ரிபோர்டு இன்டர்நேஷனல் வழக்கில், நிராகரிக்கும் அதிகாரி மூன்றையும் எழுத வேண்டும் என்றது: முன்னறிவு என்ன, விண்ணப்பத்தில் இருப்பது என்ன, முன்னதிலிருந்து பின்னது எப்படிப் புலப்படும். இரண்டு ஆவண எண்களை மட்டும் குறித்து "ஆகவே புலப்படும்" என்று முடித்திருந்தால், அந்த மூன்றாவது கேள்வியை மரியாதையோடு, ஆனால் விடாமல் கேளுங்கள்.

கோட்புக் பட்டியலில் 16 வரிகளுக்குப் பதில் 64 வைத்தோம். இது கண்டுபிடிப்பா?

பெரும்பாலும் இல்லை. வரி கூடினால் துல்லியம் கூடும், பிட்டும் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 64இல் மட்டும் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தால் அதைக் காட்டுங்கள்.

நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டு சுருக்கினோம். அது போதாதா?

2018க்கு முன் சொல்லியிருந்தால் பேசியிருக்கலாம். அந்த ஆண்டிலேயே சேனல் தகவலைப் போனில் நியூரல் நெட்வொர்க்கால் சுருக்கி டவரில் விரிக்கும் ஆய்வு ஆய்விதழில் வெளியாகிவிட்டது. 3ஜிபிபியும் ரிலீஸ் 18இல் இதை ஆராய்ந்தது. இன்று "நியூரல் நெட்வொர்க் பயன்படுத்தினோம்" என்பது மட்டும் படியாகாது. போன் ஒரு நிறுவனத்தினுடையது, டவர் இன்னொன்றினுடையது. இரண்டும் தத்தம் நெட்வொர்க்கைக் காட்டாமல் எப்படிப் பொருந்திப் போவது? இதுபோன்ற தீராத சிக்கல்களில் கை வையுங்கள். அங்கே இன்னும் இடமிருக்கிறது.

அல்காரிதம் என்றால் 3(கே) பிரிவில் நிராகரிப்பார்களே?

அது தனிக் கேள்வி, கண்டுபிடிப்புப் படியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கணித முறைக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை இல்லை என்பது சரி. ஆனால் டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் தொழில்நுட்ப விளைவைப் பார்க்க வேண்டும் என்றது. அலைவரிசை மிச்சமாவதும், போனின் மின்கலம் நீடிப்பதும் தொழில்நுட்ப விளைவுகளே. கோரிக்கையைச் சூத்திரமாக எழுதாமல், டவரும் போனும் என்ன செய்கின்றன என்று எழுதுங்கள்.

எங்கள் சொந்தக் கட்டுரையே எங்களுக்கு எதிராக வருமா?

வரும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான்கு மாணவியர் வந்தார்கள். பின்னூட்டத்தைச் சுருக்க அவர்கள் கண்ட வழி உண்மையிலேயே புதியது. தேடித் தேடிப் பார்த்தும் அதற்கு ஈடான முன்னறிவு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கல்லூரி, திட்ட அறிக்கை முழுவதையும் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தன் இணையதளத்தில் ஏற்றியிருந்தது. அவர்களை யாரும் எச்சரிக்கவில்லை.

31ஆவது பிரிவு 12 மாதச் சலுகை ஒன்று தருகிறது. ஆனால் அது கற்றோர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி போன்ற குறுகிய வாசல்களுக்கு மட்டுமே. கல்லூரித் திட்டக் கண்காட்சி அதில் அடங்காது. பிற நாடுகளில் இந்தச் சலுகை கிடைக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கு மின்வழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அதன்பின் 12 மாதம் இருக்கிறது. தாக்கல் செய்த மறுநாளே கட்டுரையை அனுப்பிக்கொள்ளலாம். துறைத் தலைவர்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் கையெழுத்துக்கு முன் "விண்ணப்பம் தாக்கல் செய்தாகிவிட்டதா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிறேன்.

பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. எவ்வளவு காலம் இருக்கிறது?

ஆறு மாதம், கேட்டுக்கொண்டால் இன்னும் மூன்று. கடைசி வாரத்தில் வராதீர்கள். சுட்டப்பட்ட ஒவ்வோர் ஆவணத்தையும் முழுக்கப் படித்து, அது எந்தச் சிக்கலைத் தீர்க்க எழுதப்பட்டது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். பதில் பாதி அதிலேயே வந்துவிடும்.

வேறொருவர் எளிதில் தோன்றும் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்கிறார். நான் தடுக்க முடியுமா?

முடியும். விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகும். அதன்பின், காப்புரிமை வழங்கப்படும் முன், 25(1) பிரிவின்படி எந்த ஒருவரும் எழுத்து மூலம் எதிர்க்கலாம். தொடர்புடையவராக இருக்க வேண்டியதில்லை. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கட்டணம் உண்டு. வழங்கிய பிறகு என்றால், அறிவிப்பு வெளியானதிலிருந்து ஓராண்டுக்குள், அக்கறையுள்ள தரப்பினர் மட்டும். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இப்போது எல்லாம் இணையவழியே. எதிர்க்கும்போதும் அதே நேர்மை வேண்டும். விடையைத் தெரிந்துகொண்டு பின்னோக்கித் துண்டுகளைப் பொறுக்காதீர்கள். தேதியிட்ட ஆவணத்தையும், சேர்ப்பதற்கான காரணத்தையும் வையுங்கள்.

விவரக்குறிப்பைத் தமிழில் எழுதலாமா?

சட்டம் ஆங்கிலத்தையும் இந்தியையும் மட்டுமே ஏற்கிறது. ஆனாலும் என்னிடம் வரும் ஒவ்வொரு குழுவையும் முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன். கடன் வாங்கிய சொற்றொடர்களுக்குப் பின்னால் அப்போது ஒளிய முடியாது. "இதுவரை எல்லோரும் இப்படிச் செய்தார்கள், இன்ன காரணத்தால் வேறு வழி இல்லை என்று நினைத்தார்கள், நாங்கள் இதைக் கவனித்தோம்." இந்த மூன்று வாக்கியங்களையும் தடுமாறாமல் சொல்லிவிட்டால் உடனே கணினியைத் திறந்து வேலையைத் தொடங்கிவிடுவேன். நடு வாக்கியத்தில் தடுமாறினால், அவர்கள் சொன்ன காரணத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து, அதற்கு எதிரான ஆவணம் ஏதும் இருக்கிறதா என்று தேடிவிட்டு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்வேன்.